இரும்புப் பெட்டிக்குள் ஒரு வெடிப்பு

சற்று நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

பெட்ரோல் பங்கில் மெக்கானிக் வந்து பம்ப் மெஷினின் கீழ்க்கதவைத் திறந்து வைத்திருந்தால், எட்ட நின்றபடியே ஒருமுறை உள்ளே பாருங்கள். மோட்டாரும், வயர்கள் வந்து சேரும் பெட்டியும் நம் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் போல இருக்காது. சுவர் தடித்த வார்ப்பு. மூடியைச் சுற்றி நெருக்கமாக போல்ட்டுகள். ஓரத்தில் ஒரு சின்ன உலோகத் தகடு, அதில் பொடி எழுத்தில் எண்களும் குறிகளும். இதைத்தான் தொழிலில் ஃப்ளேம்ப்ரூஃப் என்கிறார்கள். இன்றைய பதிவு அந்தத் தகட்டைப் பற்றியது. அது எப்படி வந்தது, அதை வாங்க என்ன பாடு படவேண்டியிருக்கிறது, வாங்கியபின் அது யாரைக் காப்பாற்றுகிறது, யாரை நசுக்குகிறது என்பதைப் பற்றியது.

திருத்துறைப்பூண்டிக்காரிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். 1985இல் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்ததிலிருந்தே நமக்கு இதில் வேலை உண்டு. அடியக்கமங்கலம், கமலாபுரம், நமக்குப் பக்கத்துக் கோவில்களப்பால் என்று வயலுக்கு நடுவே வேலி போட்ட கிணறுகளைப் பார்த்துக்கொண்டேதான் நாம் பஸ்ஸில் போகிறோம். திருமாக்கோட்டையில் எரிவாயுவில் ஓடும் மின் நிலையம் இருக்கிறது. பனங்குடியில் 1993இல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. இந்த வேலிகளுக்கு உள்ளே இருக்கும் விளக்கு, சுவிட்ச், மோட்டார், அழைப்பு மணி எல்லாமே சாதாரணக் கடைச் சரக்கு அல்ல. 2017இல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்தபோதும் சரி, 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தபோதும் சரி, ஆதரித்தும் எதிர்த்தும் எவ்வளவோ பேசினோம். வேலிக்குள் போய் ஸ்பேனர் பிடிக்கிற நம்ம ஊர்ப் பையனின் முன்னால் இருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இதை எழுத வைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் தங்கை மகன். சென்னைப் புறநகரில் சின்னப் பட்டறை வைத்து அலுமினிய வார்ப்புப் பெட்டிகள் செய்கிறான். "பெரியம்மா, பெட்டி செய்ய மூணு வாரம் போதும். பேப்பர் வாங்கத்தான் வருஷக்கணக்கா ஆகுது" என்று போன வாரம் போனில் ஒரே புலம்பல். இன்னொருவன் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன். இந்தப் பக்கத்து எரிவாயு நிலையங்களில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன். அவனிடம் தங்கை மகனின் புலம்பலைச் சொன்னேன். "அந்தத் தகடு இல்லாத பெட்டின்னா நான் கையே வைக்க மாட்டேன் டீச்சர்" என்றான். இருவரும் நல்ல பிள்ளைகள், இருவர் சொல்வதும் நியாயம். அதனால்தான் இதன் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வகுப்பில் நான் அடிக்கடி சொல்வேனே, தீ எரிய மூன்று பொருள் வேண்டும் என்று. எரிபொருள், காற்று, பற்றவைக்க ஒரு சூடு. எரிவாயு நிலையத்தில் முதல் இரண்டையும் முழுவதுமாக ஒழிக்க முடியாது. எங்காவது ஒரு வால்வு கசியும். காற்று எங்கும் இருக்கிறது. மூன்றாவதைத்தான் கட்டுப்படுத்த முடியும். அது எவ்வளவு சின்னது தெரியுமா? மீத்தேனும் காற்றும் சரியான அளவில் கலந்திருந்தால் அதைப் பற்றவைக்கச் சுமார் 0.28 மில்லிஜூல் ஆற்றல் போதும். மில்லிஜூல் என்றால் புரியாது. ஒரு நெல்மணி ஏறக்குறைய 25 மில்லிகிராம் எடை. அதை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஹைட்ரஜனுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். நம் வீட்டு சுவிட்சைப் போடும்போது உள்ளே நீலமாக மின்னுகிறதே, அது இதைவிட எத்தனையோ மடங்கு பெரியது.

இந்தப் பாடத்தை உலகம் நிலக்கரிச் சுரங்கத்தில்தான் படித்தது. 1812இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் வெடித்து 92 பேர் இறந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து ஹம்ஃப்ரி டேவி தம் பாதுகாப்பு விளக்கைச் செய்தார். சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை. வாயு உள்ளே போகும், உள்ளே எரியும், ஆனால் சுடர் வெளியே வரும்போது வலையில் சூட்டை இழந்து அணைந்துவிடும். இங்கே ஒரு வேடிக்கை, வேதனையான வேடிக்கை. விளக்கு வந்தபின் விபத்து குறையும் என்று எதிர்பார்த்தார்கள். விளக்கு இருக்கிற தைரியத்தில், முன்பு யாரும் போகத் துணியாத வாயு நிறைந்த ஆழங்களையும் முதலாளிகள் திறந்தார்கள். சாவு எதிர்பார்த்தபடி குறையவில்லை. பாதுகாப்புக் கருவி ஒன்று கையில் வந்தால் மனிதன் முதலில் செய்வது ஆபத்துக்கு இன்னும் அருகில் போவதுதான் போலும்.

பிறகு சுரங்கத்துக்குள் மின்சாரம் வந்தது. 1913 அக்டோபர் 14, வேல்ஸ் நாட்டின் செங்ஹெனித் சுரங்கம். 439 தொழிலாளர்களும், மீட்கப் போன ஒருவரும் இறந்தார்கள். பிரிட்டனில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெரிய சுரங்க விபத்து கிடையாது. சுரங்கத்துக்குள் சைகை கொடுக்க மணி வைத்திருந்தார்கள். வெறும் கம்பிகளைத் தொடவைத்தால் மணி அடிக்கும். அந்தத் தொடுகையில் எழுந்த பொறிதான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் பேசப்பட்டது. மேலாளருக்கு 24 பவுண்டும், கம்பெனிக்கு 10 பவுண்டும் அபராதம். ஓர் உயிருக்கு எவ்வளவு என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் வகுத்துப் பார்த்து எழுதின. நீங்களும் 440ஆல் வகுத்துப் பாருங்கள். நான் விடை எழுதப் போவதில்லை.

பேட்டரி மணிதானே, இதில் என்ன தீ வரும் என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள். வீலர், தார்ன்டன் என்ற இரு அறிவியலாளர்கள் அதைச் சோதித்தார்கள். குறைந்த மின்னழுத்தம் என்பதாலேயே ஒரு சுற்று பாதுகாப்பானதாகிவிடாது. மணியின் சுருளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் இணைப்பு விடுபடும் கணத்தில் பொறியாக வெளிவரும் என்று காட்டினார்கள். பொறியே வந்தாலும் வாயுவைப் பற்றவைக்க முடியாத அளவுக்கு ஆற்றலைக் குறைத்து வடிவமைப்பது என்ற வழி அங்கிருந்து பிறந்தது. இன்று எரிவாயு நிலையங்களின் அளவைக் கருவிகள் பலவும் இந்த முறையில் செய்யப்பட்டவை.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஜெர்மனியில் கெல்சன்கிர்ஷன் நகரில் கார்ல் பெய்லிங் என்பவர் வேறொரு வழியைச் சோதித்திருந்தார். என் தங்கை மகன் செய்யும் பெட்டிக்கு அவர்தான் மூதாதை. இந்தப் பெட்டியைப் பற்றி எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் உண்டு. வாயு உள்ளே போகாதபடி இறுக மூடிய பெட்டி என்று நினைப்பார்கள். இல்லை. வாயு உள்ளே போகத்தான் செய்யும். உள்ளே சுவிட்ச் பொறி கக்கும்போது வெடிக்கவும் செய்யும். பெட்டியின் வேலை இரண்டு. அந்த வெடிப்பில் தான் உடையாமல் நிற்பது. மூடிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடுக்கு வழியாக வெளியேறும் சூடான வாயு, வெளியே இருக்கும் வாயுவைப் பற்றவைக்க முடியாத அளவுக்கு ஆறியிருக்கும்படி செய்வது. டேவியின் வலை செய்த அதே வேலைதான். வலைக்குப் பதில் இங்கே இழைத்த இரும்பு முகங்கள்.

அந்த இடுக்கின் அகலம்தான் உயிர்நாடி. சோதனைக்கூடத்தில் 25 மில்லிமீட்டர் நீள இடுக்கை வைத்து அளந்திருக்கிறார்கள். மீத்தேன் சுடர் 1.14 மில்லிமீட்டர் இடுக்கு வரை தாண்டாது. எத்திலீனுக்கு 0.65. ஹைட்ரஜனோ 0.29 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலே தாண்டிவிடும். அதனால்தான் வாயுக்களை வகுப்பு பிரித்தார்கள். சுரங்கத்துக்கு முதல் பிரிவு. மற்ற இடங்களுக்கு இரண்டாம் பிரிவு. அதற்குள் ஏ, பி, சி. ஏ என்றால் புரோப்பேன் வகை, பி என்றால் எத்திலீன் வகை, சி என்றால் ஹைட்ரஜன், அசெட்டிலீன். பெட்டியின் வெளிப்புறம் எவ்வளவு சூடாகலாம் என்பதற்கும் டி1 முதல் டி6 வரை வகுப்பு: டி1 என்றால் 450 டிகிரி வரை, டி4 என்றால் 135, டி6 என்றால் 85. பொறியே இல்லாவிட்டாலும் சூடான பரப்பே சில ஆவிகளைப் பற்றவைத்துவிடும் என்பதால் இது. தகட்டில் உள்ள பொடி எழுத்துகள் பெரும்பாலும் இவைதான்.

சரி, பெட்டி இப்படித்தான் வேலை செய்கிறது என்று செய்பவன் சொன்னால் போதுமா? போதாது என்று பிரிட்டனில் 1920களில் முடிவானது. ஷெஃபீல்டில் தொடங்கி, பிறகு பக்ஸ்டன் என்ற ஊரில் அரசுச் சோதனை நிலையத்தில் வெடிக்கவைத்துப் பார்த்து, தேறியதற்குச் சான்று கொடுத்தார்கள். கிரீடத்துக்குள் எஃப்.எல்.பி. என்ற எழுத்துகள் கொண்ட முத்திரை. வெள்ளைக்காரன் காலத்தில் நம் சுரங்கங்களுக்கு வந்த சாமான்களில் இருந்தது இந்த முத்திரை. சான்று கொடுக்கும் இடம் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுத் தயாரிப்பாளருக்குத்தான் முதல் சௌகரியம். இங்கே ஒருவர் எவ்வளவு நல்ல பெட்டி செய்தாலும், கப்பலேற்றி அனுப்பி வெடித்துக் காட்ட வேண்டும் என்றால் யார் செய்வார்?

ஒரு தீப்பொறியின் விலை என்ன என்பதை நம் நாடும் அறிந்திருந்தது. 1958இல் வங்காளத்தின் சினாகுரி சுரங்கத்தில் வெடித்து ஏறக்குறைய 175 பேர், 1965இல் தன்பாத்துக்கு மேற்கே தோரி சுரங்கத்தில் 268 பேர். சுதந்திரத்துக்குப் பின் 1956இல் தன்பாத்தில் மத்திய சுரங்க ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. நாளடைவில் அங்கேயே ஃப்ளேம்ப்ரூஃப் சோதனை நடந்தது. இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ஐ.எஸ். 2148 என்ற தரத்தை வகுத்தது. உள்நாட்டுத் தயாரிப்பாளர்கள் கப்பலுக்குப் பதில் ரயிலேறினால் போதும் என்றானது. சான்றிதழ் முறையால் சிறு தொழில் அழிகிறது என்று புலம்புபவர்கள் இதையும் நினைக்க வேண்டும். சான்று தரும் இடம் நம் நாட்டில் வந்ததால்தான் இந்தத் தொழிலே இங்கே வேர்விட்டது. 2007இல் அந்த நிலையம் எரிபொருள் ஆராய்ச்சி நிலையத்துடன் இணைந்து சிம்ஃபர் ஆயிற்று. தங்கை மகன் அந்தப் பெயரைச் சொல்லும்போது, நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு ரிசல்ட் பற்றிப் பேசும் குரலில்தான் சொல்கிறான்.

அங்கே என்ன நடக்கும் என்று அவன் விவரித்ததையும், நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பெட்டிக்குள் வாயுவும் காற்றும் கலந்து நிரப்பி, பொறி வைத்து வெடித்து, உள்ளே ஏறும் அழுத்தத்தை அளப்பார்கள். அதைப்போல ஒன்றரை மடங்கு அழுத்தம் கொடுத்து, விரிசலோ கோணலோ வருகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு பெட்டிக்கு உள்ளும் வெளியும் வாயு நிரப்பி, உள்ளே மட்டும் வெடித்து, வெளியே பற்றுகிறதா என்று திரும்பத் திரும்பச் சோதிப்பார்கள். சூடு ஏறுவது, கண்ணாடி அடி தாங்குவது, வயர் நுழையும் கிளாண்டின் பிடிப்பு எல்லாம் தனித்தனி. ஒன்றில் தவறினாலும் அச்சை மாற்றி, மறுபடி வார்த்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

தேறிவிட்டால் முடிந்ததா? அங்கேதான் தயாரிப்பாளருக்குத் தலைவலி ஆரம்பிக்கிறது. சான்று கிடைப்பது கம்பெனிக்கு அல்ல, வரைபடத்துக்கு. எந்த உலோகக் கலவை, எத்தனை போல்ட், என்ன நீளம், ரப்பர் வளையம் எந்த வகை, கண்ணாடியை ஒட்டும் சிமென்ட் எது என்பதெல்லாம் அந்த வரைபடத்தில் உறைந்துவிடுகிறது. போல்ட் விற்கிற கடைக்காரர் கடையை மூடிவிட்டார் என்று வேறு வகை போல்ட் போட முடியாது. எழுதிக் கேட்க வேண்டும். சில மாற்றத்துக்கு மறுபடி வெடித்துக் காட்ட வேண்டும். உலோகத்தில்கூட விதி உண்டு. நம்மூர்ப் பட்டறைகள் பலவும் எல்.எம்.6 என்ற அலுமினியக் கலவையைப் பயன்படுத்துகின்றன. மெக்னீசியம் மிகுந்த கலவை ஆகாது. துருப்பிடித்த இரும்பில் அப்படிப்பட்ட உலோகம் உரசினால் கடும் பொறி பறக்கும். பழைய இரும்பு, அலுமினியத்தை உருக்கி ஊற்றிப் பழகிய பட்டறைக்காரர்களுக்கு ஒவ்வோர் உருக்கலுக்கும் கலவைச் சான்று வைத்திருப்பதே ஒரு புதுப் பழக்கம்.

எல்.இ.டி. விளக்கு வந்தபோது இந்தக் கஷ்டம் நன்றாக வெளிப்பட்டது. பாதரச விளக்குக்கும் சோடியம் விளக்குக்கும் சான்று வாங்கிய பெட்டி இருக்கிறது. உள்ளே இருப்பதை மட்டும் எல்.இ.டி.யாக மாற்றினால் சூடு குறையத்தானே செய்யும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் பொருள்களின் இடமும் வடிவமும் மாறினால் வெடிப்பின் அழுத்தம் மாறலாம். டிரைவர் எனப்படும் மின்னணுப் பலகை புதிதாகச் சூடேறும் இடம். ஆகவே புதுச் சான்று. உலகமே இரண்டு ஆண்டில் எல்.இ.டி.யை மாற்றிக்கொண்டே போகும்போது, இந்தத் தொழில் மட்டும் பழைய வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்த முறை புதுமையை மெதுவாக்குகிறது என்பது உண்மை. அதில் பாதி மெதுவாவது தேவையானது என்பது என் கட்சி.

மீதிப் பாதிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஒரே பெட்டிக்கு எத்தனை கதவு தட்டுவது? சிம்ஃபர் போன்ற கூடத்தில் சோதனை அறிக்கை. பெட்ரோலியம் புழங்கும் இடம் என்றால் நாக்பூரைத் தலைமையகமாகக் கொண்ட பெசோ எனப்படும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதல். 1898இல் தொடங்கிய பழைய துறை அது. சுரங்கம் என்றால் தன்பாத்தில் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம். அதன் வேர் 1902. ஐ.எஸ்.ஐ. முத்திரை உரிமம் தனி. ஏற்றுமதி செய்யலாம் என்றால் ஐரோப்பாவின் அட்டெக்ஸ். அறுகோணத்துக்குள் கிரேக்க எழுத்துப் போல ஒரு குறி இருக்குமே, அதுதான். ஐரோப்பாவில் 2003 ஜூலை 1 முதல் அது கட்டாயம். அன்றோடு அங்கே பழைய சான்றுகளை வைத்துப் புதுச் சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவர முடியாமல் போனது. தயாரிப்பாளர்கள் தங்கள் பட்டியல் முழுவதையும் மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. அதிக ஆபத்துள்ள இடங்களில் வைக்கும் மின்சாதனத்துக்கு அவர்கள் அங்கீகரித்த அமைப்புதான் சான்று தர வேண்டும். நம் தன்பாத் அறிக்கை அங்கே செல்லாது. ஐ.இ.சி.எக்ஸ். என்ற உலகளாவிய முறை இந்தச் சிக்கலைக் குறைக்கத்தான் வந்தது. அதில் எனக்குப் பிடித்தது, சான்றுகள் எல்லாம் இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருப்பது. எண்ணைத் தட்டினால் போலி தெரிந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சோதனை, அச்சு, பயணம் எல்லாம் சேர்த்து ஒரு மாடலுக்கு 5 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காகச் சொல்லும் தொகைதான். வருஷத்துக்கு 50 பெட்டி விற்பவனுக்கு, முதல் வருஷத்தில் ஒரு பெட்டியின் தலையில் 10,000 ரூபாய். 5,000 பெட்டி விற்பவனுக்கு 100 ரூபாய். வெடிப்பின் அழுத்தம் சின்னக் கம்பெனி, பெரிய கம்பெனி பார்ப்பதில்லை; அதனால் சோதனையிலும் சலுகை காட்ட முடியாது. ஆனால் விலையில் அந்த வித்தியாசம் அப்படியே நிற்கும். சின்னப் பட்டறைக்காரன் முன் மூன்று வழிகள். பெரிய கம்பெனிக்கு வார்ப்பு மட்டும் செய்துகொடுக்கும் கூலி வேலைக்குப் போவது. ஒரே ஒரு மாடலுக்குச் சான்று வாங்கி, அதையே பிடித்துக்கொண்டு பிழைப்பது. மூன்றாவது வழி பேச வாய் கூசும். ஒரு மாடலுக்கு வாங்கிய எண்ணை இன்னொரு மாடலின் தகட்டில் அடிப்பது. இல்லையென்றால் வேறொருவர் சான்றை இரவல் வாங்குவது. தங்கை மகனிடமும் ஒரு தரகர் அப்படி வந்து பேசியிருக்கிறார். "ஆர்டர் பெரிசு பெரியம்மா, ரெண்டு ராத்திரி தூக்கமில்ல" என்றான். நான் அவனிடம் வேறு எதுவும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்பில் படித்த அந்த எலக்ட்ரீஷியனின் பெயரையும், அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்பதையும் மட்டும் சொன்னேன். அந்த ஆர்டரை அவன் விட்டுவிட்டான். அதனால் பட்டறையில் இரண்டு பேரை நிறுத்த வேண்டி வந்தது என்பதையும் நான் மறைக்கக் கூடாது. இங்கே வேலை போன அந்த இரண்டு பேர் எந்த விபத்துக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

சான்றிதழ் எதைக் காப்பாற்றும், எதைக் காப்பாற்றாது என்பதற்கு ஜெய்ப்பூர் ஓர் உதாரணம். 2009 அக்டோபர் 29 மாலை. சீதாபுரா தொழிற்பேட்டையில் இந்தியன் ஆயில் எண்ணெய்க் கிடங்கு. குழாய் வேலையின்போது பெட்ரோல் பீறிட்டது. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, ஏறக்குறைய 1,000 டன். ஆவி மேகமாகப் படர்ந்து ஒரே வெடி. 11 பேர் இறந்தார்கள். தீ பல நாள் எரிந்தது. எம்.பி. லால் தலைமையிலான விசாரணைக் குழு, எது பற்றவைத்திருக்கலாம் என்று ஆராய்ந்து இரண்டைச் சொன்னது. ஒன்று, கிளப்பப்பட்ட ஒரு வண்டி. இன்னொன்று, நிர்வாக அலுவலகக் கட்டடத்தில் இருந்த ஃப்ளேம்ப்ரூஃப் அல்லாத மின்சாதனம். யோசித்துப் பாருங்கள். தொட்டிகளுக்குப் பக்கத்தில் கனத்த பெட்டிகள் எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கலாம். அலுவலகம் 'ஆபத்தில்லாத பகுதி' என்று வரைபடத்தில் குறித்த இடம். அங்கே சாதாரண சுவிட்ச் போதும். ஆவி மேகம் வரைபடம் பார்த்துக்கொண்டு நகராது. மண்டலம் 0, 1, 2 என்று கோடு போடுவது வழக்கமான சின்னக் கசிவை மனத்தில் வைத்துத்தான். வால்வைத் திறக்கும் ஒழுங்கு தவறினால் பெட்டி செய்தவன் என்ன செய்வான்?

2014இல் ஆந்திராவில் கோதாவரி டெல்டாவின் நகரம் கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்தபோதும் இப்படித்தான். நம்மூரைப் போலவே தென்னந்தோப்பும் வாய்க்காலுமான ஊர். விடிகாலையில் தேநீர்க்கடை அடுப்பைப் பற்றவைத்தபோது தீப்பிடித்ததாகச் செய்திகள் சொல்லின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேநீர்க்கடை அடுப்புக்கு எந்தக் கூடத்தில் சான்று வாங்குவது?

இடையில் ஒரு சின்ன விஷயம். வாயு மட்டும்தான் வெடிக்கும் என்று நினைக்காதீர்கள். 1785இலேயே இத்தாலியின் தூரின் நகரில் மாவுக் கிடங்கு ஒன்று வெடித்தது பதிவாகியிருக்கிறது. காற்றில் மிதக்கும் நுண்ணிய தானியத் தூசியும் வெடிக்கக்கூடியது. தூசி உள்ள இடங்களுக்கும் தனிச் சான்று வகை உண்டு. நம் பக்கத்து அரிசி ஆலைகளில் தவிடு படிந்த மோட்டாரைப் பார்த்திருப்பீர்கள். ஆலை வைத்திருக்கும் உறவினர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தூசியை வாரம் ஒருமுறையாவது கூட்டி அள்ளச் சொல்லுங்கள். அதற்குச் சான்றிதழ் வேண்டாம்.

எலக்ட்ரீஷியன் மாணவன் சொன்ன ஒன்றுதான் இதிலெல்லாம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. "டீச்சர், பெட்டி புதுசா வரும்போது பிரச்சினையே இல்ல. அஞ்சாறு வருஷம் கழிச்சுத்தான் பயம்." நம் பக்கம் உப்புக்காற்று. போல்ட் துருப்பிடிக்கும். பன்னிரண்டு போல்ட்டில் இரண்டு முறிந்துவிட்டால், மீதிப் பத்தை இறுக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. மூடியின் இழைத்த முகத்தில் துருவைப் பார்த்துவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். பளபளவென்று ஆகிவிடும், இடுக்கும் அகலமாகிவிடும். அந்த முகத்துக்குப் பெயிண்ட் அடித்தவரையும் அவன் பார்த்திருக்கிறான். மழைத்தண்ணீர் இறங்காமலிருக்க, வரைபடத்தில் இல்லாத ரப்பர் ஷீட்டை வெட்டி நடுவில் வைப்பதும் நடக்கும். வீட்டில் குழாய்க்கு வாஷர் போடுகிற புத்திசாலித்தனம் அது. இங்கே அது இரும்பும் இரும்பும் நெருங்கிச் சுடரை ஆறவைக்கும் வழியையே கெடுத்துவிடும்.

மோட்டார் எரிந்துபோனால் இன்னும் மோசம். காயில் கட்ட வெளிக்கடைக்குப் போகும். கடைக்காரர் கைதேர்ந்தவர்தான், வயல் மோட்டார்கள் ஆயிரம் பார்த்தவர். ஆனால் இந்த மோட்டாரின் தண்டுக்கும் மூடிக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் சுடர் வரும் பாதை என்று அவருக்கு யார் சொன்னார்கள்? தேய்ந்த இடத்தை லேத்தில் ஒரு சுற்று எடுத்துவிட்டு, ஓடவைத்துக் காட்டி அனுப்புவார். மோட்டார் நன்றாகவே ஓடும். தகடும் அப்படியே ஒட்டிக்கொண்டு இருக்கும், அதே எண்ணுடன். பழுது பார்ப்பதற்கும் உலகத் தரம் இருக்கிறது, ஐ.இ.சி. 60079 வரிசையில் 19ஆம் பகுதி அதற்கென்றே எழுதப்பட்டது. தயாரிப்பவன் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்போது, பழுது பார்ப்பவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. தங்கை மகன் இதைக் கேட்டதும் துள்ளினான். "இதைத்தான் பெரியம்மா நான் சொல்றேன். என்னைப் பிழியற விதியில பாதியை அந்தப் பக்கம் வைக்கட்டும்."

இப்போது மாணவன் பாக்கெட்டில் ஃபீலர் கேஜ் வைத்திருக்கிறான். மெல்லிய உலோக இதழ்கள் கொண்ட, விசிறி மாதிரியான சாமான். மூடியை இறுக்கியபின் சுற்றிலும் அந்த இதழை நுழைத்துப் பார்ப்பான். வரைபடத்தில் சொன்ன அளவுக்கு மேற்பட்ட இதழ் நுழைந்தால் மின்சாரம் கொடுக்க மாட்டான். இதனால் வேலை தாமதமாகிறது என்று மேற்பார்வையாளரிடம் இரண்டு முறை ஏச்சு வாங்கியிருக்கிறான். தகட்டில் சான்று எண்ணின் கடைசியில் 'எக்ஸ்' என்ற எழுத்து இருந்தால், அந்தப் பெட்டிக்குச் சிறப்பு நிபந்தனை ஏதோ இருக்கிறது, சான்றிதழை எடுத்துப் படிக்காமல் தொடக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

நம் மாணவர்களில் காரைக்கால், நரிமணம், பனங்குடி பக்கம் வேலை பார்த்தவர்கள், வளைகுடா நாடுகளில் எண்ணெய் வயலில் இருப்பவர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். உங்கள் இடத்தில் பழுதுபார்த்துத் திரும்பி வரும் மோட்டாரை யார் அளந்து பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம். தங்கை மகனும் அந்த எலக்ட்ரீஷியனும் படிப்பார்கள்.